துணை நாடும் துணிவு

ஊர்க் குளத்தில் நீந்திப் பழகியவன் கடலில் முதன்முறை இறங்கும்பொழுது சற்றுத் திகைப்பது இயல்பு. நீந்தும் ஆற்றல் அவனிடம் உள்ளது, ஆயினும் அலை புதிது, ஆழம் புதிது. பள்ளிக் கல்வியை முடித்துப் பல்கலைக்கழகத்திற்குள் அடியெடுத்து வைக்கும் மாணவரின் நிலையும் இத்தகையதே. பன்னிரண்டு ஆண்டுகள் பெற்றோரின் நிழலிலும், நன்கறிந்த ஆசிரியர்களின் அரவணைப்பிலும் வளர்ந்தவர், ஒரே நாளில், அறியாத ஊரில், அறியாத முகங்களுக்கு நடுவில், தம் பொழுதையும் பொருளையும் தாமே ஆளும் பொறுப்பை ஏற்கின்றார். கடலில் செல்வோர் கலங்கரை விளக்கம் எத்திசையில் உள்ளது என்பதைப் புறப்படுமுன்னரே அறிந்துகொள்வர். அதுபோலப் பல்கலைக்கழகம் புகுவோரும், இடர் நேர்ந்தால் எவரை நாடுவது, எவ்விடத்தை அணுகுவது என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

இடர்களின் இயல்பு

உயர்கல்வி பயிலும் மாணவர்க்கு நேரும் இடர்கள் பல. தாய்மொழியில் பாடம் கேட்டவர்க்கு ஆங்கில விரிவுரை விளங்காமற் போவதுண்டு. பள்ளியில் முதன்மை பெற்றவர், தம்மினும் வல்லார் பலர் நடுவில் தம்மைச் சிறியராகக் கருதுவதுண்டு. விடுதிக் கட்டணமும் நூல்களின் விலையும் ஏழைக் குடும்பத்தினர்க்குப் பெருஞ்சுமையாகும். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, ஓயாத கவலை முதலியவை உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே வாட்டும். மூத்த மாணவரின் பகடிவதையாலும், சாதி, பால், உடற்குறை ஆகியவற்றைச் சுட்டிப் பிறர் கூறும் இழிசொல்லாலும் மனம் புண்படுதலும் உண்டு.

இவ்விடர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. பொருட்கவலை உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கக்கேடு படிப்பைக் கெடுக்கும். படிப்பில் நேர்ந்த தோல்வி தன்னம்பிக்கையைக் கெடுக்கும். ஆதலின், ஓர் இழையைப் பற்றிச் சிக்கலை அவிழ்க்கத் தொடங்கினால், ஏனைய இழைகளும் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும்.

துணை நாடுதல் இழிவன்று

தம் துயரைப் பிறரிடம் கூறுவது கோழைத்தனம் என்று கருதுவோர் பலர். இக்கருத்துப் பொருந்தாது. திருக்குறளின் 45-ஆம் அதிகாரம் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்பதாகும். இவ்வதிகாரம் பொருட்பாலில் அரசியல் என்னும் பகுதியில் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. படையும் பொருளும் உடைய மன்னனுக்கே அறிவுடையார் துணை இன்றியமையாதது என வள்ளுவர் வகுத்தாராயின், பதினெட்டு வயது நிரம்பிய மாணவருக்கு அத்துணை வேண்டாம் என்று கூறவும் இயலுமோ? ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்திலும், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவம் நான்கு கூறுகளாக உரைக்கப்படுகின்றது. உதவுவோன் ஒருவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணிய பெருமை தமிழ் மரபுக்கு உண்டு.

பிற நாட்டினரும் இவ்வுண்மையை உணர்ந்தனர். அமெரிக்க நாட்டுப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1910-ஆம் ஆண்டிலேயே மாணவரின் மனநலம் பேணும் பணி தொடங்கப்பெற்றது. இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970-ஆம் ஆண்டு ‘நைட்லைன்’ என்னும் அமைப்புத் தோன்றியது. இரவில் தனிமையால் வருந்தும் மாணவரின் குறையை, பயிற்சி பெற்ற சக மாணவரே தொலைபேசியில் பொறுமையுடன் கேட்டல் இவ்வமைப்பின் நோக்கமாகும். சென்னையில் 1986-ஆம் ஆண்டு மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘சிநேகா’ என்னும் தொண்டு நிறுவனமும், வாழ்வில் நம்பிக்கை இழந்தோரின் சொல்லைச் செவிமடுக்கும் நற்பணியை மேற்கொண்டது.

உதவியின் வாயில்கள்

பல்கலைக்கழகத்தில் மாணவர் தட்டக்கூடிய கதவுகள் பல. அவற்றுள் முதலாவது ஆசிரியரின் கதவு. பல கல்லூரிகளில், ஒவ்வோர் ஆசிரியரின் பொறுப்பிலும் சில மாணவர் ஒப்படைக்கப்படுகின்றனர். அவ்வழிகாட்டி ஆசிரியர், மாணவரின் வருகையையும் மதிப்பெண்ணையும் மட்டுமன்றி, அவர்தம் நலத்தையும் கேட்டறியும் கடமை உடையவர். விடுதியில் தங்குவோர்க்கு விடுதிக் காப்பாளர் அண்மையில் உள்ள துணையாவார்.

இரண்டாவது, உடல்நலம் பேணும் மருத்துவ மையம். மூன்றாவது, உளநல ஆலோசனை மையம். 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இதனை வலியுறுத்திற்று. 100 மாணவரோ அதற்கு மேற்பட்டோரோ பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும், தகுதி வாய்ந்த ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்துதல் வேண்டும் எனவும், உதவி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் யாவரும் காணுமாறு எழுதி வைத்தல் வேண்டும் எனவும் அத்தீர்ப்பு நெறி வகுத்தது.

நான்காவது, பொருளுதவிக்குரிய அலுவலகம். அரசு வழங்கும் கல்வி உதவித்தொகை, கட்டணச் சலுகை முதலியவற்றின் விண்ணப்பங்கள் அங்கே ஏற்கப்படும். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேர்ந்த மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2022-ஆம் ஆண்டு தொடங்கிற்று. மாணவர்க்கென ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இத்தகைய உதவிகளின் விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடுமாதலால், உரிய நாளுக்குமுன் அலுவலகத்தில் கேட்டுத் தெளிதல் நன்று.

ஐந்தாவது, உரிமை காக்கும் குழுக்கள். ‘ராகிங்’ என்னும் பகடிவதையைத் தடுக்கத் தமிழ்நாடு 1997-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2009-ஆம் ஆண்டு இதற்கெனக் கடுமையான விதிகளை வகுத்தது. 1800-180-5522 என்னும் எண்ணில் இக்கொடுமை பற்றி முறையிடலாம். பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானோர், 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த உள்ளகக் குழுவிடம், நிகழ்ச்சி நடந்த மூன்று திங்களுக்குள் எழுத்து மூலம் முறையிடலாம். உடற்குறை உடையோர்க்கு, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு நிதியுதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களிலும் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியுள்ளது. தேர்வில் சொல்வதை எழுதுபவர், மிகை நேரம் முதலிய வசதிகளையும் தகுதியுடையோர் கேட்டுப் பெறலாம். இவை இரந்து பெறும் சலுகைகள் அல்ல; சட்டம் அளித்த உரிமைகள்.

ஒரு மாணவனின் நிலை

சிற்றூரிலிருந்து வந்த நெசவாளர் மகன் ஒருவனைச் சான்றாகக் கொள்வோம். அவன் குடும்பத்தில் பட்டப்படிப்பிற்குச் சென்றவன் அவனே முதல்வன். முதற்பருவத் தேர்வில் இரு தாள்களில் அவன் தேறவில்லை. அச்செய்தியை அவன் எவரிடமும் கூறவில்லை. தாய் கைபேசியில் அழைக்கும்போதெல்லாம், “நலமாக இருக்கிறேன், அம்மா” என்னும் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வான். பின்னர் உணவுக்கூடத்திற்குச் செல்வதைக் குறைத்தான்; வகுப்பிற்குச் செல்வதையும் விடுத்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட எண்ணினான். ஆயினும், தறியில் அமர்ந்து தன் கட்டணத்தை ஈட்டிய தந்தையின் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்று அஞ்சினான். போகவும் இயலாமல், இருக்கவும் இயலாமல் அவன் தவித்தான்.

அறைத்தோழன் இம்மாற்றத்தைக் கண்டான். அவன் அறிவுரை ஏதும் கூறாமல், ஒரு மாலைப்பொழுதில் தோழனை உடன் அழைத்துக்கொண்டு வழிகாட்டி ஆசிரியரிடம் சென்றான். ஆசிரியர் மதிப்பெண்ணைப் பற்றி வினவவில்லை. “தம்பி, இரவில் எத்தனை மணிக்கு உறங்குகிறாய்? கடைசியாக எப்போது வயிறார உண்டாய்?” என்றே கேட்டார். அவ்விரு வினாக்களும் அவன் உள்ளத்தில் அடைபட்டிருந்ததைத் திறந்துவிட்டன. “ஐயா, வகுப்பில் நடத்துவது எனக்கு விளங்கவில்லை, கட்டணம் கட்டவும் வழியில்லை” என்று கூறி அவன் கண்ணீர் உகுத்தான். ஆசிரியர் தாமே அவனை ஆலோசகரிடம் அழைத்துச் சென்றார்.

ஆலோசகர் அவன் கூறியவற்றை இடைமறிக்காமல் கேட்டார். ஒரே மலையாக அவன் எண்ணியிருந்த துயரம், மொழி, பொருள், உறக்கம் என மூன்று குன்றுகளாகப் பிரிந்து தோன்றியது. மொழிக்குத் துறையில் நடந்த மாலை வகுப்பும், பொருளுக்கு உதவித்தொகை அலுவலகமும், உறக்கத்திற்கு மருத்துவ மையமும் வழியாயின. அவன் துயர் ஒரே நாளில் நீங்கிவிடவில்லை. அடுத்த பருவத்தில் ஒரு தாளிலும், அதற்கடுத்த பருவத்தில் மற்றொரு தாளிலும் அவன் தேறினான். ஆயினும், தாயிடம் உண்மையைக் கூறும் துணிவு அவனுக்கு முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. அன்னை சினந்துகொள்ளவில்லை. “இதை முன்னமே சொல்லியிருக்கலாமே, கண்ணு” என்றாள்.

ஆலோசகரின் பணி

உளநல ஆலோசகர் ஆணையிடுபவர் அல்லர்; குற்றம் காண்பவரும் அல்லர். மாணவர் தம் நிலையைத் தாமே தெளிவாகக் காணுமாறு வினவுவதும், ஏற்ற வழிகளை ஆராயத் துணைநிற்பதும் அவர்தம் பணியாகும். மருந்து தேவை என்று தோன்றினால், அவர் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். ஆலோசகரைக் காண்பவரெல்லாம் பித்தர் என்னும் பேச்சு அறியாமையின் விளைவு. கண் மங்கினால் கண்மருத்துவரை நாடுவோர், மனம் மங்கினால் மனநல மருத்துவரை நாட நாணுவது ஏன்?

கூறிய செய்தி வெளிப்படுமோ என்னும் அச்சம் பலரைத் தடுக்கின்றது. 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் 2018-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மனநல மருத்துவம் பெறுவோரின் செய்திகளை மறைவாகக் காக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. உயிருக்கு ஊறு நேரும் நிலை முதலிய சிலவற்றில் மட்டுமே இதற்கு விலக்குண்டு. எவையெவை மறைவாகக் காக்கப்படும் என்பதை முதற் சந்திப்பிலேயே ஆலோசகரிடம் கேட்டறிதல் மாணவரின் உரிமையாகும்.

எப்பொழுது நாடுதல் வேண்டும்? ஒரு நாள் சோர்வும் ஒரு தேர்வின் அச்சமும் எவர்க்கும் உள்ளவை. இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமோ உணவோ கெட்டிருந்தாலும், விருப்பமான செயல்களிலும் மனம் செல்லாதிருந்தாலும் காலம் தாழ்த்தாது ஆலோசகரை அணுகுதல் வேண்டும். வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் எழுமாயின், அன்றே, அப்பொழுதே ஒருவரிடம் கூறுதல் வேண்டும். நள்ளிரவாயினும் கவலையில்லை. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், உலக மனநல நாளன்று, இந்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

நண்பரின் கடமை

துயருற்றவர் எல்லாரும் தாமாக வந்து கூறுவதில்லை. ஆதலின், உடனிருப்போர் விழிப்பாயிருத்தல் வேண்டும். கலகலப்பாகப் பேசியவர் வாய்மூடியிருந்தால், அருகில் அமர்ந்து அன்புடன் வினவுதல் நட்பின் முதற்கடமை. கேலி செய்தல் கொடிது; “இதெல்லாம் ஒன்றுமில்லை” என்று தள்ளிவிடுதலும் தீது. உயிருக்கு ஊறு நேருமெனத் தோன்றினால், “எவரிடமும் சொல்லாதே” என்று நண்பர் கேட்டுக்கொண்டாலும், அவரைத் தனித்து விடாமல், விடுதிக் காப்பாளரிடமோ ஆசிரியரிடமோ உடனே தெரிவித்தல் வேண்டும். மறை காத்தலினும் உயிர் காத்தல் பெரிது.

முதல் வாரத்தின் பணி

நெருப்புப் பற்றிய பின் கிணறு தோண்டுதல் பயன் தராது. ஆகவே, பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, மருத்துவ மையமும் ஆலோசனை மையமும் எங்குள்ளன, எந்நேரத்தில் திறந்திருக்கும் என்பதை நேரில் சென்று கண்டு, குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். வழிகாட்டி ஆசிரியரின் பெயரையும், உதவி எண்களையும் அதனருகில் குறித்தல் நன்று. விண்ணப்பம் எதனைக் கொடுப்பினும் ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. சில அலுவலகங்களில் தாமதம் நேரலாம். சில வேளைகளில் ஆலோசகரைக் காணப் பல நாள் காத்திருக்கவும் நேரலாம். ஒரு கதவு திறவாதாயின், மனம் தளராது அடுத்த கதவைத் தட்டுதல் வேண்டும்.

மாணவர்களே! கல்வியின் பயன் பட்டம் பெறுதல் மட்டுமன்று. தாமும் நலமாய் வாழ்ந்து, பிறரையும் வாழ்வித்தலாகும். தளர்ந்தபொழுது கைநீட்டித் துணை கேட்பதும், பிறர் தளர்ந்தபொழுது கைகொடுத்துத் தாங்குவதும் ஒரே பண்பின் இரு கூறுகள். இன்று துணை பெற்றவர் நாளை துணையாவார். இவ்வுண்மையை நெஞ்சில் நிறுத்தி, உயர்கல்வியின் வாயிலுக்குள் அச்சமின்றி நுழைவீர்களாக!