சீவலா, மாவா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய நாலு படங்களையும் பார்த்தேன். நாலும் மரம் அறுக்கிற மிஷின், நாலு பெட்டியிலும் 58 சிசி, 62 சிசி என்று கொட்டை எழுத்து. கையில் 18,000 ரூபாய் இருக்கிறது, இதில் எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் நீ "சரி மாமா, சரி மாமா" என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போய் வேறு எதையாவது தூக்கிக்கொண்டு வருவாய். அதனால்தான் கடிதம்.

நாலும் வேண்டாம்.

உனக்கு என்ன வேலை இருக்கிறது என்று எண்ணிப் பார். இரண்டு ஏக்கர் தென்னை. வருஷத்துக்கு ஐந்தாறு மரம் பட்டுப்போகும், அதைத் துண்டு போட வேண்டும். வரப்போரத்துப் பூவரசும் வேம்பும் கிளை கழிக்க வேண்டும். தரிசில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. தென்னை நடுத்தண்டு ஒரு அடி கனம் இருந்தால் அதிகம். செயின் சுற்றி ஓடுகிற பார் 16 இன்ச் இருந்தால் அதற்குத் தாராளம். அடிமரம் கொஞ்சம் பருமனாக இருந்தால் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி அறுத்துக்கொள்ளலாம். 22 இன்ச் பாரும் பெரிய இன்ஜினும் நாள் முழுக்க மரம் அறுத்துச் சாப்பிடுகிற ஒப்பந்தக்காரருக்கு. உன் கைக்கு அது மத்தியானமே கனக்க ஆரம்பித்துவிடும். ஓய்ந்த கையில்தான் மிஷின் துள்ளும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. விடிந்து தோப்புக்குப் போனால் வானம்தான் தெரிந்தது. மிஷின் வைத்திருந்தவர்கள் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தார்கள், நம் முறை வருவதற்குப் பத்து நாள் ஆகும் என்றார்கள். பொறுமை இல்லாமல் டவுனுக்குப் போய், புயலுக்காகவே திறந்த மாதிரி இருந்த ஒரு கடையில் ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்றை வாங்கி வந்தேன். பெரிய சிசி, நீளமான பார், சிவப்புப் பெயிண்ட். உன் படத்தில் மூன்றாவதாக இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே ஜாடை.

முதல் வாரம் வெண்ணெயாக அறுத்தது. பதினோராம் நாள் ஏதோ தீயும் வாடை. மரம் காய்ந்ததுதான் என்று நினைத்துத் தொடர்ந்து அறுத்தேன். நிறுத்திப் பார்த்தால் பாரின் ஓரம் நீலம் பாரித்திருந்தது. செயினுக்கு எண்ணெய் தள்ளுகிற பம்ப்பில் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று, கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது, தேய்ந்து வழுக்கியிருந்தது. அந்தச் சக்கரத்தைத் தேடிப் பட்டுக்கோட்டையில் தொடங்கித் தஞ்சாவூர் வரைக்கும் அலைந்தேன். வாங்கிய கடை அதற்குள் செருப்புக் கடை ஆகிவிட்டது. ஏழாயிரமும் போய் பஸ் காசும் போனது. மிஷின் இன்னும் பம்புசெட் கொட்டகை ஆணியில் தொங்குகிறது, வந்தால் பார்க்கலாம்.

ஆகவே கடைக்குப் போனதும் விலையைக் கேட்காதே. "இந்த மாடலுக்கு ஆயில் பம்ப் இருக்கா? கிளட்ச் இருக்கா? ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் இருக்கா?" என்று கேள். ஆர்டர் போட்டால் வந்துவிடும் என்று சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கு. டிராயரைத் திறந்து மேஜைமேல் எடுத்து வைத்தால், அந்த மிஷினைப் பற்றி மேலே பேசலாம். ஸ்டில் எம்எஸ் 180 மாதிரி ஒன்றைக் காட்டுவார்கள். அது 31.8 சிசிதான், பார், செயின் இல்லாமல் எடை 4 கிலோவை ஒட்டி இருக்கும். பார்த்தால் பொம்மை மாதிரி தெரியும், பெட்டியில் 58 போட்டவன் சிரிப்பான். சிரிக்கட்டும். நம்ம ஊரில் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கை இருக்கிறது, அதுதான் உனக்கு வேண்டியது.

காசு போதவில்லை என்றால் இன்னும் ஒரு வெட்டுக் காய் இறங்கும்வரை பொறு, இல்லாவிட்டால் பழசு பார். பழசு பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை, பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இன்ஜின் ஆறி இருக்கும்போது போ. முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படு. கீழே ஒரு சாக்கை விரித்து, ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு மிஷினைத் தொங்கவிடு. உள்ளே இழுவை நன்றாக இருந்தால் விக்கி விக்கி மெதுவாக இறங்கும். வாளியைக் கிணற்றில் விட்ட மாதிரி சரேலென்று இறங்கினால் பிஸ்டன் போச்சு. சைலன்சரைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார், பிஸ்டன் பக்கத்தில் மேலும் கீழுமாகக் கீறல் ஓடியிருந்தால் யாரோ ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறான். பிறகு ஸ்டார்ட் செய்து, பழைய காலண்டர் அட்டையின் வெள்ளைப் பக்கத்துக்கு நேராகப் பாரின் மூக்கைக் காட்டி ரேஸ் கொடு. அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். அன்றைக்கு எனக்கு ஒரு காலண்டர் அட்டை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ரேஸை விட்டதும் செயின் நிற்க வேண்டும். இடது கைக்கு முன்னால் இருக்கும் தடுப்பை முன்னே தள்ளினால், ஓடுகிற செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் மட்டும் சரியில்லை என்றால் சும்மா கொடுத்தாலும் வாங்காதே.

கரண்டில் ஓடுகிற மிஷின் மலிவாகக் கிடைக்கிறதே என்றும் கேட்டிருந்தாய். வீட்டுக் கொல்லையில் விறகு அறுக்க நல்ல சாமான்தான், கார்புரேட்டர் தொல்லை கிடையாது. உன் தோப்புக் கடைசிக்கு வயர் இழுத்துக்கொண்டு போனால் போகப் போக வோல்டேஜ் குறைந்து மோட்டார் சூடாகும். உனக்கு ஒத்துவராது.

இப்போது செயின். இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. 1946-இல் அமெரிக்காவில் ஒரிகான் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரத்தொழிலாளி, கட்டைக்குள் ஒரு வண்டுப் புழு குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். மர ரேகைக்குக் குறுக்கேயும் போகிறது, நெடுக்கேயும் போகிறது, திணறவே இல்லை. வாயில் இடது பக்கம் ஒரு கொடுக்கு, வலது பக்கம் ஒன்று, மாற்றி மாற்றிச் சீவுகிறது. அதைப் பார்த்துத்தான் இன்றைய செயினின் பல்லை வடித்தார். உன் செயினை வெயிலில் பிடித்துப் பார், இடம் வலம் மாறி மாறிப் பல் இருக்கும். எருக்குழியில் வெள்ளை வெள்ளையாகக் காண்டாமிருக வண்டுப் புழுவைப் பொறுக்கி எடுத்த நமக்கு இது புரியாமல் போகுமா!

அந்தப் பல் மரத்தைச் சீவ வேண்டும், தேய்க்கக் கூடாது. அறுக்கும்போது உன் கால் பக்கம் விழுவதைக் குனிந்து அள்ளிப் பார். சீவல் சீவலாக, துருவிய தேங்காய் மாதிரி இருந்தால் சரி. மாவாக வந்தால் செயின் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை எல்லாரும் கையால் அழுத்தித்தான் ஓட்டுகிறார்கள். அதில்தான் இன்ஜின் சூடாகிறது, பார் தேய்கிறது, பெட்ரோல் குடிக்கிறது. அப்புறம் மிஷினுக்குப் பவர் இல்லை என்று பெரிய சிசி தேடிப் போகிறார்கள். பாதிப் பேருக்கு வேண்டியது பெரிய மிஷின் அல்ல, ஒரு அரம். சின்ன மிஷினில் வருகிற மெல்லிய 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம். பல்லின் மேலே 30 டிகிரி கோடு இருக்கும், அதை ஒட்டி உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளு, திரும்ப இழுக்காதே. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கம் அதிகம் ராவினால் அறுப்பு கோணலாகத் திரும்பும். பெட்ரோல் ஊற்றுகிற ஒவ்வொரு தடவையும் இரண்டு தள்ளு தள்ளினால் போதும், அரை மணி நேரம் உட்கார வேண்டிய வேலை இல்லை. தென்னை வெளிப்பக்கம் வைரம், பல்லைச் சீக்கிரம் தின்னும். விழுந்த மரத்தை அறுக்கும்போது அடியில் மட்டைத் துண்டு முட்டுக்கொடு. செயின் ஒரு தரம் மணலைத் தொட்டால் காலையில் ராவியதெல்லாம் வீண்.

18,000-த்தையும் மிஷினிலேயே கொட்டாதே. ஒரு உபரி செயின், இரண்டு அரம், கண்ணுக்கு வலை, காதுக்கு அடைப்பு, முக்கியமாக மரம் அறுப்பவர்கள் போடும் நூல் திணித்த கால்சட்டை. அந்தக் கால்சட்டை இரும்பு அல்ல. செயின் பட்டதும் உள்ளே இருக்கும் நூல் கொத்தாக உருவிக்கொண்டு போய்ச் சக்கரத்தில் சுற்றி மிஷினையே நிறுத்திவிடும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுக்கிறவர்களைப் பார்த்துப் பழகாதே. அதில் நானும் ஒருத்தன்.

வேரோடு சாய்ந்த மரத்தைப் பற்றி ஒன்று. சாய்ந்து கிடக்கும்போது வேர்ப்பந்து மண்ணோடு நிமிர்ந்து நிற்கும், தண்டின் பாரம்தான் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. தண்டை அறுத்துப் பாரத்தை எடுத்ததும் வேர்ப்பந்து திரும்பக் குழிக்குள் படாரென்று விழலாம். கஜா சமயத்தில் இதை என் கண்ணாலேயே பார்த்தேன். குழிக்குள் ஒரு ஆட்டுக்குட்டி மேய்ந்துகொண்டிருந்தது, நல்லவேளை ஒரு கணம் முன்னால் துள்ளி ஏறிவிட்டது. அறுக்குமுன் குழிக்குள் யார் இருக்கிறார்கள், குழந்தைகள் எங்கே என்று பார். நிற்கிற மரத்தைச் சாய்க்கிற வேலை உனக்கு வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறது. தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதே. பாரின் மூக்கு மேல்பாதி எதிலாவது இடித்தால் முகத்துக்குத்தான் எகிறும். வரப்போரத்துப் பனை இரண்டில் கை வைக்காதே, பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது.

பெட்ரோல் கலப்பது எளிது. புத்தகத்தில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கலந்த கேனில் சிவப்புத் துணி கட்டிவிடு, இல்லாவிட்டால் பைக்குக்கு வாங்கி வைத்ததை யாராவது அவசரத்தில் ஊற்றிவிடுவார்கள். இப்போது பங்கில் வருவதில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது, மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்க்கில் விட்டு வைக்காதே. வேலை முடிந்ததும் கவிழ்த்துவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிடு.

வாங்கியதும் போட்டோ அனுப்ப வேண்டாம். நாலு நாள் அறுத்துவிட்டு, செயினைக் கழற்றிப் பேப்பரில் சுருட்டி எடுத்துக்கொண்டு பொங்கலுக்கு வா. திண்ணையில் வெளிச்சம் நன்றாக இருக்கும் பத்து மணிக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக ராவலாம். கூடவே அந்தச் சீவலையும் ஒரு பிடி காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டு வா, நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாமா