எல்லையில் வண்டியைத் திருப்பாதீர்கள்

பாலக்காடு, இடுக்கிப் பக்கம் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான்: அதைக் ‘கேரளா டூர்’ என்று திட்டம் போடாதீர்கள். மாநில எல்லையோடு திரும்பிவிட்டால், பார்த்த இடத்தில் பாதிதான் விளங்கும். பாலக்காட்டுக் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1766-இல் ஹைதர் அலி கட்டிய கருங்கல் கோட்டை. மலைமேல் இல்லை, சமவெளியில் கிடக்கிறது. அதை மட்டும் பார்த்தால் அகழி, மதில், உள்ளே ஓர் ஆஞ்சநேயர் கோயில் என்று அரை மணியில் முடிந்துவிடும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. கொங்குநாட்டிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் படை நடத்த இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து வாளையார் வழியாக வருகிறவருக்கு, கோட்டை ஏன் அங்கே இருக்கிறது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பரம்பிக்குளம் காடு இன்னும் நல்ல உதாரணம். அது பாலக்காடு மாவட்டம். ஆனால் பாலக்காட்டிலிருந்து பஸ் ஏறினாலும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் போயாக வேண்டும். சேத்துமடைச் சாவடியில் ஒரு கட்டணம், ஆனைப்பாடிச் சாவடியில் இன்னொன்று. எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் அந்தச் சுற்றுவழிதான் காட்டின் கதையைச் சொல்கிறது. 1907 முதல் 1963 வரை இங்கு வெட்டிய தேக்கு, டிராம் பாதையில் மேற்கே சாலக்குடிக்கு இறங்கியது. பிறகு பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் வந்தது; காட்டின் முகமே கிழக்கே திரும்பிவிட்டது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருக்கின்றன, பராமரிப்பு தமிழ்நாட்டுடையது. தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகச் சர்க்கார்பதிக்கு இறங்கி, அங்கே மின்சாரம் எடுத்த பிறகு, திருமூர்த்தி அணைக்குப் போகிறது. பதிலுக்கு ஆழியாற்றுத் தண்ணீர் கேரளத்துச் சித்தூர் வயல்களுக்கு வருகிறது. பரம்பிக்குளத்தின் கன்னிமாரா தேக்கு மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துத் திரும்புகிறவர்கள், திருமூர்த்தி அணையையும் ஒரு நடை பார்த்துவிட வேண்டும்.

இடுக்கியில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, சாலை மூணாறிலிருந்து. பெயரைக் கேட்டு ரயில் எங்கே என்று தேடுகிறவர்கள் உண்டு. ரயில் இருந்தது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளம், 1908-இல் சிறு ரயில். மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் அதில் மேலே ஏறி, கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. 1924 வெள்ளம் ரயில்பாதையைக் கொண்டுபோய்விட்டது. அங்கே நின்று கிழக்குச் சரிவைப் பார்க்கும்போது இறங்கி நடந்தால் என்ன என்று தோன்றும். வனத்துறை அனுமதி இல்லாமல் வேண்டாம். 2018 மார்ச்சில் கீழே குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ பல உயிர்களைக் குடித்தது.

பச்சையைப் பார்த்து நாலு நாள் நிம்மதியாக இருக்கத்தானே போகிறோம், சரித்திரம் எதற்கு என்று கேட்கலாம். சரி, பச்சைக்காகவே போங்கள். அப்போதும் மூணாறோடு திரும்பாமல் மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்குங்கள். சில மணி நேரத்தில் தேயிலை போய்ச் சந்தனக்காடு வரும், அதுவும் போய் முள்காடு வரும். மழையை மேற்குச் சரிவு வாங்கிக்கொண்டால் கிழக்கில் என்ன மிஞ்சும் என்பதைப் பாடப்புத்தகம் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. 

வாடகைக் கார் எல்லை தாண்டினால் பர்மிட், வரி என்று செலவு கூடும் என்பது நியாயமான ஆட்சேபம். அதற்குத்தான் பஸ் இருக்கிறது: உடுமலை–மூணாறு, போடி–மூணாறு, கம்பம்–குமுளி. சில காட்டுச் சாவடிகளில் மாலைக்கு மேல் விடமாட்டார்கள், காலையிலேயே கிளம்புங்கள். இரு மாநிலங்களும் மோதும் முல்லைப் பெரியாறு அணை மாதிரி விவகாரத்தில் சுற்றுலாக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்டால், தீர்ப்புச் சொல்ல வேலை இல்லைதான். ஆனால் தேக்கடியில் படகு விடும் ஏரியே 1895-இல் கட்டி முடித்த அந்த அணையின் தண்ணீர். குமுளி மலைப்பாதையில் இறங்கினால் லோயர் கேம்ப்பில் அந்த அணையைக் கட்டிய பென்னிகுக்கின் மணிமண்டபம், அதைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்கள். படகுச் சவாரி முடிந்த பிற்பகலிலேயே இதைப் பார்த்துவிடலாம். கூடுதல் நாள் தேவையில்லை.