கடலோரத் தொலைகாட்டிக்கு முதல் செலவு எது?

கேள்வி: கற்பிட்டியில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டலாம் என்று பாவித்த தெறிப்புத் தொலைகாட்டி ஒன்று வாங்கினேன். ஆடி 130 மில்லிமீட்டர், குவியத்தூரம் 900 மில்லிமீட்டர். ஆடியில் வெண்படலம் படிந்திருக்கிறது. தாங்கியின் அச்சுகள் இறுகிப்போய்விட்டன. எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் முட்டுகிறது. மோட்டர் பூட்டினால் சரிவரும் என்கிறார் நண்பர். இருக்கிற கொஞ்சக் காசை எதில் போடலாம்?

பதில்: மோட்டரில் இப்போது போடாதீர்கள். ஆடுகிற தாங்கிக்கு மோட்டர் பூட்டினால், ஆடிக்கொண்டே வியாழனைப் பின்தொடரும், அவ்வளவுதான். நீங்கள் சொன்ன மூன்று குறைகளையும் ஏறக்குறையக் காசில்லாமலே தீர்க்கலாம்.

முதலில் எதிர்ப்பாரம். உங்களுடையது மத்தியகோட்டுத் தாங்கி. அதன் ஓர் அச்சு வட வான்முனையை நோக்கி நிற்கவேண்டும். அந்த அச்சின் சாய்வு, ஊரின் அகலக்கோட்டுக்குச் சமம். இந்தத் தாங்கிகளை 40, 50 பாகை அகலக்கோட்டில் வாழ்பவர்களை மனதில் வைத்தே செய்கிறார்கள். அங்கே அச்சு நன்றாக நிமிர்ந்து நிற்கும். பாரத்தண்டு வடக்குக் காலுக்கு மேலாக விலகி நீளும். கற்பிட்டியோ 8 பாகையில் இருக்கிறது. அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது, பாரத்தண்டு நேரே கீழே தொங்குகிறது, வடக்கே நிற்கும் காலில் முட்டுகிறது. தாங்கியில் பழுதில்லை. முக்காலியைத் திருப்பி ஒரு கால் தெற்கேயும் மற்ற இரண்டும் வடக்கைக் கவட்டியபடியும் வையுங்கள். பாரம் அந்த இரு கால்களுக்கும் இடையில் சுழலும். சாய்வுத் திருகு 8 பாகைவரை இறங்க மறுத்தால் தெற்குக் காலைச் சற்று நீட்டிவிடுங்கள்.

துருவ நட்சத்திரத்தைத் தேடி அலைய வேண்டாம். அது உங்கள் வடக்கு அடிவானத்திலிருந்து 8 பாகை உயரத்தில்தான் இருக்கும். கடல் மூட்டத்தில் பல இரவுகள் தெரியவே தெரியாது. கண்ணால் பார்ப்பதற்குத் திசைகாட்டியின் வடக்கு போதும். ஆனால் திசைகாட்டியைத் தாங்கியின் இரும்புப் பாகங்களுக்கு அருகில் வைத்துப் பார்க்காதீர்கள்.

இறுகிய அச்சுக்குக் காரணம் பெரும்பாலும் பழைய கிறீஸ். அது பசைபோலக் கெட்டியாகியிருக்கும். அச்சுகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, லித்தியம் கிறீஸை மெல்லிதாகப் பூசுங்கள். கழற்றும்போது ஒவ்வொரு படியையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்துக்குள் முறுக்கிய உருக்கு ஆணிகள் உப்புக்காற்றில் பிடித்துக்கொள்ளும். அவற்றின் புரிகளிலும், படகு எஞ்சினுக்குப் போடுகிற நீரில் கரையாத கிறீஸைத் தடவுங்கள். தாங்கி ஆடாமலிருக்க, தெற்குக் காலுக்குச் சொன்னதைத் தவிர, முக்காலியின் கால்களை நீட்டாமல் பாவியுங்கள். நடுத்தட்டில் பாரம் ஒன்றைத் தொங்கவிட்டால் ஆட்டம் குறையும். சிலர் கால்களுக்குள் மணல் நிரப்புவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கடற்கரை மணலின் உப்பு அலுமினியத்தை உள்ளிருந்தே அரிக்கும்; கழுவிக் காயவைத்த ஆற்று மணல் போடுங்கள்.

இனி ஆடி. இங்கேதான் அவசரப்படக்கூடாது. அதன் மேலுள்ள அலுமினியப் பூச்சின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் ஊரில் படிவது தூசி மட்டுமல்ல, உப்புப் பளிங்குகளும்தான். உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் அவை பூச்சைக் கீறிவிடும். தொடுவதற்கு முன் உப்பு கரையவேண்டும். ஆடியின் விளிம்பில் அடையாளமிட்டு வெளியே எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்ட நீரில் ஊறவையுங்கள். பிறகு பஞ்சை அதன் சொந்தப் பாரத்தில் மட்டும் இழுங்கள், அழுத்தாதீர்கள். கடைசி அலசலுக்குக் கிணற்று நீர் வேண்டாம். புத்தளப் பக்கத்துக் கிணறுகளில் சுண்ணாம்பு அதிகம், காயும்போது கறை விழும். காய்ச்சி வடித்த நீரால் அலசிச் சாய்த்து நிறுத்திவிடுங்கள். டோச் அடித்துப் பார்த்தால் எந்த ஆடியும் அழுக்காகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பதறி மறுபடி கழுவாதீர்கள். விளிம்பில் சில புள்ளிகள் அரித்துப்போயிருந்தாலும் சனியின் வளையம் தெரியும். ஆடியைத் திரும்பப் பொருத்தியதும் இரண்டு ஆடிகளையும் நேர்ப்படுத்த மறக்கவேண்டாம்.

அதன்பின் பராமரிப்பு. பார்த்து முடித்ததும் ஈரத்தோடு மூடியைப் போட்டு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். அறைக்குள் காயவிட்டு மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வையுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வீட்டின் காற்று மறைவில் பாருங்கள். மாசி, பங்குனி இரவுகளை வீணாக்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு காசு மிஞ்சினால் 6 மில்லிமீட்டர் அகன்ற புலப் பார்வைத்துண்டு ஒன்று வாங்குங்கள். 150 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும், உங்கள் ஆடிக்கு அது அளவானது.

8 பாகை தாங்கிக்குத் தொந்தரவு என்றாலும் கண்ணுக்குப் பெரும் பேறு. வியாழனும் சனியும் உங்கள் ஊரில் உச்சத்துக்கு வரும்போது எந்த ஆண்டிலும் 55 பாகைக்கு மேலேயே நிற்கும். இலண்டனில் சில ஆண்டுகளில் 20 பாகையைக்கூட எட்டாது. தாழ நின்றால் கலங்கிய தடித்த வளியினூடாகப் பார்க்கவேண்டும். இதே அகலக்கோட்டில், திருகோணமலைக் கடலோரத்தில் இராணுவப் பொறியியலாளராக இருந்த பெர்சி மோல்ஸ்வர்த் இந்த வசதியை முழுதாகப் பயன்படுத்தினார். 1867இல் கொழும்பில் பிறந்தவர். பன்னிரண்டரை அங்குலத் தெறிப்புத் தொலைகாட்டியால் வியாழனை இரவிரவாகக் குறித்துவந்து, 1901 பெப்ரவரியில் அதன் தென்பகுதியில் தோன்றிய பெரும் குழப்பத்தை முதலில் கண்டார். அது ஏறத்தாழ 40 ஆண்டுகள் நீடித்தது. செவ்வாயில் ஒரு பள்ளம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. உங்கள் பிள்ளைகளுக்கு இவரைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: உடப்பிலிருந்து எழுதுகிறேன். பாவித்த தொலைகாட்டி வாங்கப் போனால் எதைப் பார்க்கவேண்டும்?

பதில்: பார்வைத்துண்டு செருகும் துளையை அளந்து பாருங்கள். ஒன்றேகால் அங்குலம் இருந்தால் நல்லது; அதைவிடச் சிறிதென்றால் பிறகு நல்ல பார்வைத்துண்டு கிடைப்பது கடினம். தெறிப்புத் தொலைகாட்டியின் குழாய் அரை மீட்டர் நீளமே இருக்க, குவியத்தூரம் 1000 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால், குவியப்படுத்தும் குழலுக்குள் ஒரு வில்லையை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதை நேர்ப்படுத்துவது அனுபவசாலிக்கே சிரமம். மலிவாகத் தந்தாலும் வேண்டாம். அதே விலைக்கு, மரப்பெட்டித் தாங்கியில் நிற்கும் தெறிப்புத் தொலைகாட்டி அகப்பட்டால் உடனே எடுங்கள். பலகை பழுதானாலும் ஊர்த் தச்சரே புதிதாகச் செய்து தருவார்.