சும்மா உட்காருங்கப்பா

ஸ்ரீவில்லிபுத்தூர்,
செவ்வாய் இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு, அத்தை எழுதுவது.

எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. போன வியாழக்கிழமை விடியற்காலையில் உங்கப்பா முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். ரிட்டயராகிப் பதினாலு வருஷம் ஆன மனுஷன், காலி டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறியிருக்கிறார். மில் கேட்டில் நின்றவரைப் பழைய வாட்ச்மேன் அடையாளம் கண்டு, டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார். பாப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று மதினி கையைப் பிடித்துக் கேட்டாள். அத்தை சொல்லிவிட்டாள்.

அப்பாவைப் பெங்களூருக்கே கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தாய். நிம்ஹான்ஸ் அங்கேதான் இருக்கிறது, பகலில் பார்த்துக்கொள்ள இடமும் கிடைக்கும் என்கிறாய். முடிவு உன்னுடையது, அத்தை குறுக்கே நிற்கமாட்டாள். இதே மறதி நோய் வந்த தாத்தாவை மெட்ராஸுக்குக் கூட்டிப்போனதை மட்டும் ஒருதரம் நினைத்துப் பார்.

அப்போது தாத்தாவின் தறியை விற்ற கதை உனக்குத் தெரியும். விற்றதுகூடப் போகட்டும். மெட்ராஸ் வீட்டில் தாத்தா எழுந்து எதைத் தொட்டாலும் உங்க பெரியப்பா, "சும்மா உட்காருங்கப்பா" என்றாராம். அன்பாகத்தான் சொன்னார். ஏழே மாதத்தில் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கத் தெரியாமல் போய்விட்டது தாத்தாவுக்கு. நோய் எப்படியும் முற்றியிருக்கும் என்பார் டாக்டர். அத்தைக்கு இன்றுவரை அந்தச் சமாதானம் செரிக்கவில்லை.

ஆனாலும் நீ பணம் கட்டி, போனில் வருகிற தெரபிஸ்டை ஏற்பாடு செய்தபோது அத்தை சிரித்தாள். மறதி நோய்க்கு வாட்ஸ்அப் வைத்தியமா என்று கேட்டதும் அவள்தான். அந்தச் சிரிப்பை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறாள்.

செவ்வாய்தோறும் போனில் வருகிற இந்தத் தெரபிஸ்ட் பெண் மாத்திரையைப் பற்றிப் பேசுவதே இல்லை. முதல் நாளே மதினியிடம், போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். கொல்லைப்படி இருட்டாக இருந்ததைப் பார்த்துவிட்டு, படி ஓரத்தில் மஞ்சள் டேப் ஒட்டச் சொன்னாள். ராத்திரி கக்கூஸ் விளக்கு எரியட்டும், சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள் என்றாள். உங்கப்பா சாப்பிடுவதில்லை என்று மதினி புலம்பியதும், தட்டைக் காட்டச் சொன்னாள். வெள்ளைப் பீங்கான் தட்டில் வெள்ளை இட்லி, வெள்ளைத் தேங்காய்ச் சட்னி! "வாழை இலையில் வையுங்கம்மா, கண்ணுக்குப் பிரிந்து தெரியும்" என்றாள். அன்றைக்கு நாலு இட்லி உள்ளே போனது.

பிறகு, ஐயா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டாள். ஸ்பின்னிங்கில் சைடர் என்றதும், ஒரு கோன் நூல் வாங்கி வைக்கச் சொன்னாள். போனைச் சம்படத்தில் சாய்த்துவைத்துவிட்டு மதினி நூலை அறுத்து நீட்டினாள். உன் பெயரையே தடுமாறித் தேடுகிற மனுஷன், இரண்டு முனையையும் விரல் நுனியில் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கினார் பார், ஒட்டு எங்கே என்று தெரியவில்லை. பெயரும் தேதியும் முதலில் போகும். கை பழகிய வேலை நெடுநாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அந்தப் பெண் விளக்கினாள். இப்போது சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். தினமும் நாற்பது மடிக்கிறார். மடித்து முடித்ததும் கூலி கேட்கிறார். மதினி பத்து ரூபாய் கொடுக்கிறாள்.

இப்படிப்பட்ட பயிற்சி பலன் தரும் என்பது அத்தையின் கற்பனை இல்லை. நெதர்லாந்தில் நைமேகன் நகரத்தில் மறதி நோய் உள்ள 135 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்து, 2006-ல் வெளியானது. பாதிப் பேர் வீட்டுக்கு ஐந்து வாரத்தில் பத்துத் தடவை தெரபிஸ்ட் போனார். நோயாளிகள் அன்றாட வேலையை முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். பார்த்துக்கொள்பவர்களுக்கும் சமாளித்துவிடலாம் என்ற தைரியம் வந்தது. மூன்று மாதம் கழித்தும் அது நிலைத்தது. கோவாவில் உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பிப் பார்த்ததில், பராமரிப்பவர்களின் மனச்சுமை குறைந்ததாக 2008-ல் எழுதினார்கள். இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் என்கிறது 2023-ல் வந்த கணக்கு. எல்லோர் வாசலுக்கும் தெரபிஸ்ட் வர முடியுமா? போன் வரும்.

ஆனால் வழுக்கி விழுகிறவரைப் போன் தாங்கிப் பிடிக்காது. பிடிக்க வேண்டியவள் மதினி, அவளுக்கே மூட்டுவலி. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, தூக்கம் வருவதில்லை. மனசு விட்டுப் பேச 14416-ஐக் கூப்பிடச் சொன்னால், "யாரோ ஒருத்தரிடம் என்ன பேச?" என்கிறாள். பெங்களூரில் கட்டப்போகிற பணத்தில் காலையில் குளிப்பாட்டிவிட ஒரு ஆள் போடலாம். நீயும் இரண்டு மாதத்துக்கு ஒருதரம், ஒரு வாரம் முழுசாக வந்து இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கட்கிழமை ஓடுவது கணக்கில் வராது.

ஒரு பக்கம் பதினோராவது மாடி, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று தெரியாத லிஃப்ட், புரியாத கன்னடம். இன்னொரு பக்கம் கோபுரம் தெரிகிற திண்ணை, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தெரு. நீயே யோசித்துச் சொல்லு. அத்தை எதுவும் சொல்லவில்லை.

ரொம்பக் கடிந்துவிட்டேனா கண்ணு? நீ ராத்திரி ஒரு மணிக்கு மதினிக்குப் போன் பண்ணி அழுதது அத்தைக்குத் தெரியும். உன்னைப் போல ஒரு பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. பார்சலில் பால்கோவா அரைக் கிலோ இருக்கிறது, ஆபீஸில் பங்கு வைக்காமல் நீயே தின்னு. கூடவே உங்கப்பா மடித்த துணி ஒன்று வைத்திருக்கிறேன். நாலு மூலையும் எப்படிச் சேர்ந்திருக்கிறது பார்.

அன்புடன்,
அத்தை

பி.கு: வருகிற செவ்வாய் பதினோரு மணிக்கு அந்தப் பெண் போனில் வரும்போது நீயும் சேர்ந்துகொள். லீவு கிடைக்காவிட்டால் தலைவலி என்று சொல்லு.