ஸ்பிரிங்கும் டாம்பரும்: பதறாமல் படிக்க ஒரு பாடம்



ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியை நினைச்சுப் பாருங்க. ஏதோ ஒரு மோட்டிவேஷன் வீடியோ பார்த்து முடிச்சிருக்கீங்க. உடனே ஒரு ஏ4 ஷீட் எடுத்து, ஸ்கேல் வெச்சு கோடு போட்டு, நாலு கலர் பேனாவில் டைம்டேபிள் ரெடி. காலை 4.30-க்கு எழுந்திருக்கணும், ராத்திரி 12 வரைக்கும் படிக்கணும், நடுவில் ஜிம் வேற. திங்கள் சரியாகப் போகும். செவ்வாயும் போகும். புதன்கிழமை கிளாஸில் தூங்கி விழுவோம். வியாழன் ராத்திரி "ஒரே ஒரு எபிசோட்"னு ஆரம்பிச்சு விடியக்காலை 3 மணி ஆகிடும். சனிக்கிழமை அந்த டைம்டேபிளைப் பார்க்கவே பிடிக்காம அது மேலேயே டவலைக் காயப் போட்டிருப்போம். அடுத்த ஞாயிறு, புது ஏ4 ஷீட்.

இது உங்க கதைன்னா, தொடர்ந்து படிங்க. ஏன்னா இது என் கதையும்தான்.

என் கதை, சுருக்கமா

போன பிப்ரவரியில், மூணாவது வருஷத்திலேயே கேட் எக்ஸாம் எழுதினேன். தெரியாதவங்களுக்கு: 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மார்க். ஆப்ஷன்ல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற கேள்வி தப்பானா நெகட்டிவ் உண்டு. ஒரு மார்க் கேள்விக்கு மூணில் ஒரு பங்கு போகும், ரெண்டு மார்க் கேள்விக்கு மூணில் ரெண்டு மார்க் போகும். எண்ணை டைப் பண்ற கேள்விகளுக்கும், ஒண்ணுக்கு மேல சரியான விடை இருக்கிற கேள்விகளுக்கும் நெகட்டிவ் கிடையாது.

வெறித்தனமா படிச்சேன்னு சொல்ல மாட்டேன். வெறித்தனமா மூணு நாள், அப்புறம் நாலு நாள் குற்ற உணர்ச்சி. இப்படியே ஆறு மாசம். எக்ஸாம் ஹாலில் கடைசி 40 நிமிஷம் இருக்கும்போது, இன்னும் 20-க்கு மேல கேள்வி பாக்கின்னு ஸ்கிரீன் காட்டுச்சு. கை வேர்த்து, மவுஸ் வழுக்கிச்சு. கேள்வியை முழுசா படிக்காமலேயே கிளிக் பண்ண ஆரம்பிச்சேன்.

ஆன்ஸர் கீ வந்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரெண்டு மார்க் கேள்வியில் 12 தப்பு, அதுக்கு 8 மார்க். ஒரு மார்க் கேள்வியில் 6 தப்பு, அதுக்கு 2 மார்க். மொத்தம் 10 மார்க் நெகட்டிவில் மட்டும் போச்சு. அதில் பாதிக்கு மேல அந்தக் கடைசி 40 நிமிஷத்தில் போட்டது. ரிசல்ட் வந்தப்போ கட்-ஆஃப்புக்கு 4 மார்க் கம்மி.

புரியுதா? அந்த 40 நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலே நான் குவாலிஃபை ஆகியிருப்பேன்! வீட்டுக்கு போன் பண்ணிச் சொன்னப்போ அம்மா திட்டலை. "பதறாத காரியம் சிதறாதுடா"ன்னு மட்டும் சொன்னாங்க. அப்போ எரிச்சலா இருந்துச்சு. இப்போ யோசிச்சா, ஒரு செமஸ்டர் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் அந்த ஒரு வரியில் இருக்கு.

நம்ம பாஷையில் சொன்னா

உங்க பைக்கோட ஷாக் அப்சார்பரைப் பாருங்க. அதில் ரெண்டு வேலை நடக்குது. ஸ்பிரிங், வண்டியைப் பழைய உயரத்துக்குத் தள்ளும். உள்ளே இருக்கிற எண்ணெய் அந்த ஆட்டத்தை அடக்கும். ஸ்பிரிங் மட்டும் இருந்து எண்ணெய் லீக் ஆகிடுச்சுன்னா என்ன ஆகும்? ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினதும் அடுத்த தெரு வரைக்கும் வண்டி குதிச்சுக்கிட்டே போகும்.

மன உறுதிதான் ஸ்பிரிங். இலக்கிலிருந்து எவ்வளவு தூரம் விலகி இருக்கோமோ, அவ்வளவு பலமா இழுக்கும். நிதானம்தான் அந்த எண்ணெய். என் ஆறு மாசத்தை கிராஃபா போட்டா, டாம்பிங் இல்லாத சிஸ்டத்தோட ரெஸ்பான்ஸ் மாதிரியே இருக்கும்: மேல, கீழ, மேல, கீழ. ஸ்பிரிங்கை இன்னும் டைட் பண்ணினா, அதாவது இன்னும் நாலு மோட்டிவேஷன் வீடியோ பார்த்தா, ஆட்டம் இன்னும் வேகமாகுமே தவிர நிற்காது.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. எண்ணெய் ரொம்ப கெட்டியா இருந்தா ஆட்டம் இருக்காது, ஆனா வண்டி பழைய நிலைக்கு வர ரொம்ப நேரம் ஆகும். "நடக்குறது நடக்கட்டும் மச்சி, நான் கூலா இருக்கேன்"னு சொல்லிட்டு எட்டு அரியர் வெச்சிருக்கிற நண்பர் எல்லா ஹாஸ்டலிலும் ஒருத்தர் இருப்பார். அது ஓவர்டாம்ப்டு கேஸ்.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இன்னொண்ணு ஞாபகம் இருக்கும். பல டிசைன்களில் டாம்பிங் ரேஷியோவை 0.7 பக்கத்தில் வைப்போம். கொஞ்சம் ஓவர்ஷூட் ஆகும், ஆனா சீக்கிரம் செட்டில் ஆகிடும். அதனால ஒரு நாள் சொதப்பினா பரவாயில்லை. அந்தச் சொதப்பல் ஒரு வாரமா வளராம இருந்தா போதும்.

திருக்குறளில் 67-வது அதிகாரம் வினைத்திட்பம், அதாவது செயலில் உறுதி. அதை முடிச்ச கையோட 68-வது அதிகாரமா வினைசெயல்வகை வருது, ஒரு வேலையை எப்படிச் செய்யணும்னு. இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச நான் குறளை மார்க்குக்காக மட்டும் மனப்பாடம் பண்ணினவன். அந்த வரிசையை இப்போதான் கவனிச்சேன். உறுதி மட்டும் போதாதுன்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கு.

மைண்ட்ஃபுல்னெஸ்னா என்ன?

கண்ணை மூடி எதையும் யோசிக்காம இருக்கிறதுன்னு நிறைய பேர் நினைக்கிறோம். 1979-ல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், ஜான் கபாட்-ஜின் இதை ஒரு பயிற்சியா ஆரம்பிச்சார். தீராத வலியோட இருந்த நோயாளிகளும் அதில் சேர்ந்தாங்க. அவர் சொல்லிக்கொடுத்ததோட சாரம் இதுதான்: இந்த நிமிஷம் என்ன நடக்குதுன்னு வேணும்னே கவனிக்கிறது, அதை நல்லது கெட்டதுன்னு உடனே தீர்ப்பு சொல்லாம இருக்கிறது.

நமக்கு அது எதுக்கு? ஃபீட்பேக் தாமதத்தைக் குறைக்க. ஹாஸ்டல் பாத்ரூமில் கீசர் குழாயைத் திறக்கிறீங்க. வெந்நீர் வர நேரமாகுது. பொறுமையில்லாம இன்னும் திருகுறீங்க. திடீர்னு கொதிக்கிற தண்ணி. உடனே மூடுறீங்க, ஐஸ் மாதிரி தண்ணி. குழாய் மேல தப்பில்லை. தகவல் லேட்டா வந்ததுதான் பிரச்சினை.

படிக்கும்போதும் அதேதான். கவனம் எல்லாருக்கும் சிதறும். சிதறினது 3 நிமிஷத்தில் தெரிஞ்சா சத்தமில்லாம திரும்பி வந்துடலாம். 3 மணி நேரம் கழிச்சு தெரிஞ்சா பயம், கோபம், புது டைம்டேபிள் எல்லாம் வரும். மைண்ட்ஃபுல்னெஸ் அந்த 3 மணி நேரத்தை 3 நிமிஷமா குறைக்கிற சென்சார். அவ்வளவுதான்.

நான் செய்யுற நாலு விஷயங்கள்

ஒண்ணு: உட்கார்ந்ததும் மூணு நிமிஷம் மூச்சு. புக்கைத் திறக்கிறதுக்கு முன்னாடி, 4 எண்ணுற வரை மூச்சை இழுத்து, 6 எண்ணுற வரை விடுறேன். மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு லேசா கூடும், விடும்போது லேசா குறையும். வேகஸ் நரம்பு செய்யுற வேலை அது. அதனாலதான் விடுற மூச்சு நீளமா இருக்கணும். மனசு மெஸ் மெனுவுக்கு ஓடினா திட்டாம திரும்பக் கூட்டிட்டு வாங்க. அப்படிக் கூட்டிட்டு வர்றதுதான் பயிற்சியே. ஓடினது தோல்வி கிடையாது.

ரெண்டு: புள்ளி வைக்கிறது. 25 நிமிஷம் அலாரம் வெச்சு, பக்கத்தில் ஒரு ரஃப் நோட். போனை எடுக்கத் தோணினா, வேற நினைப்பு வந்தா, ஒரு புள்ளி வெச்சுட்டு திரும்பப் படிக்க வேண்டியது. முதல் நாள் எனக்கு 14 புள்ளி. இப்போ நாலு, அஞ்சு. புள்ளி நிறைய வந்தா வருத்தப்படாதீங்க, சென்சார் வேலை செய்யுதுன்னு அர்த்தம். புள்ளியே இல்லாம 25 நிமிஷம் போய், படிச்சது எதுவும் ஞாபகம் இல்லைன்னாதான் யோசிக்கணும்.

மூணு: "இது நடந்தா, இதைச் செய்வேன்". பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியலாளர் ரொம்ப வருஷமா ஆராய்ந்த விஷயம் இது. "நல்லா படிப்பேன்"னு முடிவெடுக்கிறதைவிட, எப்போ, எங்கே, என்ன நடந்தா என்ன செய்வேன்னு முன்கூட்டியே எழுதி வெச்சா, செய்து முடிக்கிற வாய்ப்பு கூடுது. என்னோட வரிகள் இவை: "மெஸ்ஸில் ராத்திரி சாப்பிட்டு கை கழுவினதும், ரூமுக்குப் போகாம நேரா ரீடிங் ஹாலுக்குப் போவேன்." "ரீல்ஸ் பார்க்கத் தோணினா, முதல்ல எழுந்து தண்ணி குடிப்பேன், அப்புறம் முடிவு பண்ணுவேன்." இந்த ரெண்டாவது வரியில் தடை எதுவும் இல்லை, கவனிச்சீங்களா? தண்ணி குடிச்சுட்டு நிஜமாவே ரீல்ஸ் பார்த்த நாட்களும் உண்டு. ஆனா பாதி நேரம் அந்த ஆசை தண்ணி பாட்டில்கிட்டயே முடிஞ்சு போகும்.

நாலு: எக்ஸாமுக்குள்ளேயே இடைவேளை. இப்போ மாக் டெஸ்டில் அரை மணிக்கு ஒரு தடவை மவுஸிலிருந்து கையை எடுத்துடுறேன். பாதம் தரையில் படுறதைக் கவனிச்சு, மூணு நீளமான மூச்சு. 30 நொடி ஆகும். மொத்தம் 5 தடவை, ரெண்டரை நிமிஷம். 180 நிமிஷத்தை 65-ஆல் வகுத்தா ஒரு கேள்விக்கு கிட்டத்தட்ட 2.8 நிமிஷம். அதாவது ஒரே ஒரு கேள்வியோட நேரத்தைவிடக் கம்மியான செலவு.

அந்த இடைவேளையில் ஒரு கேள்வி கேட்டுக்குவேன்: "இப்போ கணக்குப் போடுறேனா, பதட்டத்தில் கிளிக் பண்றேனா?" நாலு ஆப்ஷனில் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தொட்டா, நெகட்டிவ் போக சராசரி லாபம் சரியா பூஜ்யம். போட்டுப் பாருங்க, ஒரு மார்க் கேள்விக்கும் ரெண்டு மார்க் கேள்விக்கும் அதே விடைதான். ஆனா பதட்டத்தில் போடுறது அதைவிட மோசம். அவசரத்தில் நாம செய்யுற தப்புகளே ஆப்ஷனா அங்கே உட்கார்ந்திருக்கும். யூனிட் மாத்த மறந்தா வர்ற விடை, 2-ஆல் பெருக்க மறந்தா வர்ற விடை. "ஆஹா, இருக்கு!"ன்னு சந்தோஷமா கிளிக் பண்ணுவோம்.

ரெண்டு எச்சரிக்கை

நிதானத்தை சாக்காக்காதீங்க. "இன்னிக்கு மனசு சரியில்லை, மெடிடேஷன் மட்டும் பண்றேன்"னு ஒரு வாரம் ஓட்டினவன் நான். மூணு நிமிஷம் முடிஞ்சதும் புக் திறக்கணும். மூச்சுப் பயிற்சி தெர்மோவைத் தானா சொல்லிக்கொடுக்காது.

அடுத்தது, இது எல்லாத்துக்கும் மருந்து இல்லை. வாரக்கணக்கா தூக்கம் வரலை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்னன்னு தோணுதுன்னா, மூச்சை எண்ணிக்கிட்டு தனியா உட்காராதீங்க. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட பேசுங்க, கவுன்சலரைப் பாருங்க. அரசாங்கத்தோட டெலி-மானஸ் எண் 14416, இலவசம்.

இந்த வாரத்துக்கான ஹோம்வொர்க்

புது டைம்டேபிள் வேண்டாம். ஏழு நாள், ஒரு நாளைக்கு ஒரே ஒரு 25 நிமிஷம். முன்னாடி மூணு நிமிஷம் மூச்சு, நடுவில் புள்ளிகள், கடைசியில் புள்ளிகளை எண்ணி தேதியோட எழுதி வைங்க. ஒரு நாள் விட்டுப்போனா அந்தத் தேதிக்கு நேரா கோடு போட்டுட்டு அடுத்த நாள் தொடருங்க. 0.7 ஞாபகம் இருக்கில்ல?

நான் வர்ற பிப்ரவரியில் திரும்ப எழுதப் போறேன். இந்தத் தடவை நிச்சயம் பாஸ் ஆவேன்னு சொல்ல எனக்குத் தெரியாது. போன மாக் டெஸ்டில் நெகட்டிவில் போனது 3 மார்க், அது மட்டும் தெரியும். கடைசி 40 நிமிஷத்தில் 9 கேள்வியைத் தொடாமலே விட்டுட்டு எழுந்தேன். கை வேர்க்கலை.