கேட்டுப் பெறுவதல்ல இடைவேளை

பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு எடுக்கும் கணக்கு ஆசிரியை நான். பள்ளி மணி 4.15க்கு அடிக்கும். 4.30க்குத் தொடங்கி 6.30 வரை வகுப்பு. இரண்டு மணி நேரத்துக்கும் நடுவில் இடைவேளை கிடையாது. "இருக்கிற நேரமே போதவில்லை, இதில் இடைவேளை வேறா?" என்றுதான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு மாலை, தேல்ஸ் தேற்றம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், வெளியே போய்ட்டு வரட்டுமா?" என்றாள். "இந்த நிரூபணம் முடியட்டும், உட்கார்" என்றேன். நிரூபணம் முடிந்தது, அடுத்த கணக்கும் முடிந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. நானும் மறந்துபோனேன்.

இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய அம்மா வந்தார். "நீர்க்கடுப்பு டீச்சர். ஆரம்ப சுகாதார நிலையத்தில தண்ணி நிறையக் குடிக்கச் சொல்றாங்க. இவ வீட்ல இருந்து கொண்டுபோற பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவர்றா. ஏன்னு கேட்டா, குடிச்சா வெளியே போகணும், கேட்டா டீச்சர் திட்டுவாங்கன்னு சொல்றா."

அந்த அம்மா குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் வகுப்பில் சீட்டுகள் கொடுத்து, பெயர் எழுதாமல் ஒரே கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னேன்: "வெளியே போக வேண்டியிருக்கும் என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்ததுண்டா?" பாதிக்கும் மேற்பட்ட சீட்டுகளில் "ஆம்" என்றிருந்தது. ஒரு சீட்டில், "அந்த மூன்று நாட்களில் சிறப்பு வகுப்புக்கே வர மாட்டேன்" என்றிருந்தது. அந்த விடுப்புகளை நான் வருகைப்பதிவேட்டில் ஆர்வமின்மை என்று படித்திருந்தேன். பள்ளியில் படித்த காலத்தில் நானும் இப்படித் தண்ணீர் குடிக்காமல் இருந்தவள்தான். அதை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

உரிமை என்ன சொல்கிறது?

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் பள்ளியில் இருக்க வேண்டும் என்கிறது. குழந்தைக்கு மனத்துன்பம் தருவதை அதன் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதானே என்று கேட்கலாம். ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 18 வயதுக்குட்பட்ட அனைவருக்கும் உரியது. இந்தியா அதை 1992இல் ஏற்றுக்கொண்டது. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது அதன் 31ஆவது உறுப்பு. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு அதிலிருந்து விலக்கு எதுவும் இல்லை.

2019இல் கேரளப் பள்ளிகளில் பேசப்பட்ட 'வாட்டர் பெல்' இன்று நம் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் மாலை மணிக்குப் பிறகு அது ஒலிப்பதில்லை. சிறப்பு வகுப்பில் குடிப்பதும் போவதும் ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்த சலுகையாகிவிடுகிறது.

நான் மாற்றியவை

1. இரண்டு மணி நேரத்தை 55, 10, 55 நிமிடங்களாகப் பிரித்தேன். 5.25க்கு மணி அடிப்பது மாணவர் பொறுப்பு. கணக்கு பாதியில் நின்றாலும் நிற்கட்டும்.

2. கதவருகே இரண்டு அட்டைகள் தொங்குகின்றன. அவசரம் என்றால் யாரையும் கேட்காமல் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். வந்ததும் மாட்ட வேண்டும். முதல் வாரம் சிலர் வேடிக்கைக்காகப் போனார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. பிறகு அது தானே குறைந்தது.

3. இடைவேளை விட்ட முதல் நாளே இன்னொன்று தெரிந்தது: மாலையில் கழிப்பறை பூட்டியிருந்தது, தொட்டியில் தண்ணீரும் இல்லை. தலைமையாசிரியரிடம் சொன்னேன், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசினோம். இப்போது 6.30 வரை சாவி வகுப்பில் இருக்கிறது. 4 மணிக்கு மோட்டார் போடப்படுகிறது. பூட்டிய கழிப்பறைக்கு இடைவேளை விட்டு என்ன பயன்?

4. முதல் வகை நீரிழிவு போன்ற உடல்நலச் சிக்கல் உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் வகுப்பிலேயே எதையாவது சாப்பிட வேண்டியிருக்கலாம். எல்லோர் முன்னிலையிலும் காரணம் கேட்பதில்லை.

பாடம் பின்தங்காதா?

சக ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி இது. ஒரு மாலைக்கு ஒரு கணக்கு குறைகிறது, உண்மைதான். ஆனால் இடைவேளை முடிந்ததும் முதல் ஐந்து நிமிடம், முன்பு நடத்தியதைப் புத்தகம் பாராமல் எழுதச் சொல்கிறேன். பி.எட். படிப்பில் எபிங்காஸ் பற்றிப் படித்திருப்போம். ஒரே மூச்சில் மனப்பாடம் செய்வதைவிட இடைவெளி விட்டுத் திரும்பச் செய்வது நிலைக்கும் என்று 1885இலேயே எழுதினார். அவர் அளந்தது நாட்கணக்கான இடைவெளியை. என்னுடையதோ பத்து நிமிடம். ஆனாலும் யாருக்குப் புரியவில்லை என்பது அந்த ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிடுகிறது. முன்பு அது தேர்வுத்தாள் திருத்தும்போதுதான் தெரியும்.

அந்த மாணவி மீண்டும் வகுப்புக்கு வந்தாள். எதுவும் கேட்காமல் அட்டையை எடுத்துக்கொண்டு போய்வர அவளுக்கு இரண்டு வாரம் ஆனது. நான் திரும்பிப் பார்க்காமல் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருந்தேன். அன்று மாலை அவள் பாட்டில் காலியாக இருந்தது.

நாளை உங்கள் வகுப்பிலும் அந்த ஒரு கேள்வியைச் சீட்டில் கேட்டுப் பாருங்கள். பெயர் மட்டும் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள்.