கிறிஸ்தவம் மதமா, இல்லையா?

கேள்வி: "கிறிஸ்தவம் மதம் அல்ல, கடவுளோடு உள்ள உறவு" என்று என் தோழி அடிக்கடி சொல்கிறாள். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கும் போகிறாள். பிறகு எப்படி அது மதம் ஆகாமல் போகும்?

பதில்: சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள், அம்மா. உறவு வந்துவிட்டால் மதம் போய்விடும் என்ற நினைப்பை முதலில் விலக்கிவிடுவோம். சுந்தரர் சிவனுக்குத் தோழர். ஆண்டாளுக்குத் திருமால் மணவாளன். அதனால் சைவமும் வைணவமும் மதம் இல்லை என்று யாரும் சொன்னதில்லையே.

சமூகவியலாளர் எமில் துர்கேம் 1912இல் ஓர் அளவுகோல் தந்தார். புனிதமானவை பற்றிய நம்பிக்கைகள், சடங்குகள், அவற்றால் ஒன்றுபட்ட ஒரு சமூகம்: இவை இருந்தால் அது மதம். ஞானஸ்நானம், நற்கருணை, சபை என்று கிறிஸ்தவத்தில் எல்லாமே இருக்கின்றன. நம் அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவின்படி கிறிஸ்தவர்கள் கல்லூரி நடத்துவதும் மதச் சிறுபான்மையினர் என்ற உரிமையில்தான்.

ஆனால் தொடக்கத்தில் ரோமானியர்கள் இதை மதமாக ஏற்கவில்லை. கோயில் இல்லை, சிலை இல்லை, பலி இல்லை. ஆகவே கிறிஸ்தவர்களை நாத்திகர் என்றே பழித்தார்கள். சுமார் 112ஆம் ஆண்டில், இன்றைய வட துருக்கியில் ஆளுநராக இருந்த பிளினி, பிடிபட்டவர்களைச் சோதித்த முறையைப் பேரரசர் டிராஜனுக்கு எழுதியிருக்கிறார். பேரரசரின் சிலைக்குத் தூபமும் திராட்சை மதுவும் படைத்துக் கிறிஸ்துவைச் சபித்தால் விடுதலை. விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், திருடமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள் என்பதற்கு மேல் அவர் விசாரணையில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. 'மூடநம்பிக்கை' என்று முடிவு கட்டிவிட்டார்.

உங்கள் தோழியின் வாதத்துக்கு இறையியலில், அதாவது கடவுளைப் பற்றிய முறையான சிந்தனையில், வலுவான வடிவம் கொடுத்தவர் கார்ல் பார்த். சுவிட்சர்லாந்தில் சாஃபன்வில் என்ற ஊரில் போதகராக இருந்தவர். 1914இல் ஜெர்மனியின் போர்க்கொள்கையை ஆதரித்து 93 ஜெர்மன் அறிஞர்கள் கையெழுத்திட்ட அறிக்கையில் தம் ஆசிரியர்களின் பெயரையும் கண்டு அதிர்ந்தார். படித்த, பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் பீரங்கிக்கு ஆசி கூறினால், அந்தப் பக்தியில் கடவுள் எங்கே? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. மதம் என்பது மனிதன் தன் முயற்சியால் கடவுளைப் பிடிக்கப் பார்ப்பது. இறைவெளிப்பாடு, அதாவது கடவுள் தாமே தம்மைக் காட்டுவது, அதற்கு நேர் எதிரானது என்று 1938இல் எழுதினார். இதற்கு நான்கு ஆண்டு முன்பே, ஹிட்லருக்கு இணங்கிய திருச்சபையினரை மறுத்த பார்மன் அறிக்கையின் பெரும்பகுதியை எழுதியவரும் அவரே.

இங்கே பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு. பார்த் கிறிஸ்தவத்தை மதங்களின் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. மதத்தின் மேல் வைத்த அந்தக் குற்றச்சாட்டு முதலில் கிறிஸ்தவர்கள் மேல்தான் விழுகிறது என்றார். உங்கள் தோழி அந்த வாக்கியத்தைத் தன்னை நோக்கிச் சொல்லிக்கொண்டால் அது மரியாதைக்குரிய தன்விமர்சனம். பிற மதத்தாரைவிடத் தான் மேல் என்று காட்டச் சொன்னால், பார்த் எந்தப் பெருமையைக் கண்டித்தாரோ அதையே செய்கிறார்.